ரிப் பின்னலில் ஓட்டை விழாமல் கண்ணி கூட்டுதல்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதக் காலையில் குழந்தைகள் வார்டிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. நாலு மாதக் குழந்தை ஒன்று விடியற்காலையிலிருந்து விடாமல் அழுதுகொண்டிருந்தது. காய்ச்சல் இல்லை, வயிறும் உப்பவில்லை, பால் கொடுத்தாலும் குடிக்கவில்லை. தாயாரைத் தேற்றத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் குழந்தையின் ஸ்வெட்டரைக் கழற்றத் தொடங்கியிருந்தார். காரணம் உடனே தெரிந்துவிட்டது. குளிருக்குக் கையை உள்ளே இழுத்துக்கொண்ட குழந்தையின் மோதிர விரல், ஸ்வெட்டர் கையிலிருந்த ஒரு சிறு ஓட்டையில் நுழைந்து மாட்டிக்கொண்டிருந்தது. விரல் சிவந்து வீங்கியிருந்தது. நர்ஸ் நூலை வெட்டிவிட்டார். மறுநாள் விரல் சரியாகிவிட்டது.

அந்த ஸ்வெட்டரை நாங்கள் கையில் வாங்கிப் பார்த்தோம். அது நாங்களே பின்னிக் கொடுத்தது. ஓட்டை தேய்ந்து விழுந்ததுமல்ல, நூல் அறுந்து விழுந்ததுமல்ல. கையை அகலப்படுத்துவதற்காகக் கண்ணி கூட்டிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு கண் விழுந்திருந்தது. பின்னும்போது அதைப் பார்த்தோம். "சின்னக் கண்தானே, யார் கவனிக்கப்போகிறார்கள்?" என்று விட்டுவிட்டோம்.

முடியோ நூலோ குழந்தையின் விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்படும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த ஆபத்து. நெடுநேரம் கவனியாமல் விட்டால் விரலையே இழக்க நேரிடலாம். ஆகவே இந்த இதழில், ரிப் பின்னலில் சுத்தமாகக் கண்ணி கூட்டுவது எப்படி என்பதை ஒரு பாடமாகவே எழுதுகிறோம். ஊசியும் மீதி நூலும் எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தால் எளிதாக விளங்கும்.

ரிப் என்பது என்ன?

நிட், பர்ல் என்ற இரண்டு கண்ணிகளே எல்லாப் பின்னலுக்கும் அடிப்படை. நிட் கண்ணி முகப்பில் "வி" வடிவமாகத் தெரியும். பர்ல் கண்ணி ஒரு சிறு புடைப்பாகத் தெரியும். உண்மையில் இரண்டும் ஒன்றே. நிட் கண்ணியைப் பின்னாலிருந்து பார்த்தால் பர்ல். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாறி மாறிப் பின்னி, மேல் வரிசைகளிலும் நிட்டின் மேல் நிட், பர்லின் மேல் பர்ல் வருமாறு செய்தால் செங்குத்தான வரிகள் உண்டாகின்றன. நிட் வரிகள் மேடாக எழும்பும். பர்ல் வரிகள் பள்ளமாகப் பின்வாங்கும். துணி விசிறி மடிப்புப்போல் சுருங்கி, இழுத்தால் விரிந்து, விட்டால் மீண்டும் சுருங்கும். அதனாலேயே மணிக்கட்டு, கழுத்து, இடுப்பு ஆகிய இடங்களுக்கு ரிப் பின்னுகிறோம். குழந்தையின் கை நாளுக்கு நாள் பருத்தாலும் ரிப் அதற்கு இடங்கொடுக்கும்.

ஆனால் ரிப்பில் ஒரு தொல்லை உண்டு. சாதாரணப் பின்னலில் எங்கே ஒரு கண்ணி கூட்டினாலும் அவ்வளவாகத் தெரியாது. ரிப்பிலோ எல்லாம் வரிசையாக நிற்பதால் ஒரு கண்ணி இடம் மாறினாலும் வரி கோணிவிடும். அதோடு துணி விரியும்போதெல்லாம் கூட்டின இடத்திலுள்ள கண்ணும் விரியும். ஆகவே ஒவ்வொரு முறை கண்ணி கூட்டும்போதும் நம்மை நாமே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டை விழுந்ததா? புதிய கண்ணி நிட்டா, பர்லா?

ஓட்டையை அடைக்கும் முறுக்கு

பின்னிக்கொண்டிருக்கும்போது வலது ஊசியிலுள்ள கடைசிக் கண்ணிக்கும் இடது ஊசியிலுள்ள முதல் கண்ணிக்கும் நடுவே ஒரு நூல் படுத்திருக்கும். இதை இடைநூல் என்போம். இந்த இடைநூலைத் தூக்கி ஊசியில் ஏற்றி, அதையே ஒரு கண்ணியாகப் பின்னுவதுதான் நாங்கள் சிபாரிசு செய்யும் முறை.

ஊசியின்மேல் இருக்கும் எந்தக் கண்ணிக்கும் இரண்டு கால்கள் உண்டு. ஊசிக்கு முன்னே இருப்பது முன்கால். பின்னே இருப்பது பின்கால். தூக்கிய இடைநூலை, திறந்து நிற்கும் பக்கத்துக் காலில் பின்னினால் அதன் அடியில் கண் அப்படியே நிற்கும். மறு காலில் பின்னினால் இரண்டு கால்களும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே விழுந்து, கண் மூடிக்கொள்ளும். எங்கள் ஸ்வெட்டரில் நடந்த தவறு இந்த முறுக்கு இல்லாமற் போனதுதான்.

நிட் கண்ணி கூட்டுவதற்கு:

இடப்பக்கம் சாயும் கண்ணி வேண்டுமானால், இடது ஊசியின் நுனியை முன்னிருந்து பின்னாக இடைநூலின் அடியில் விட்டுத் தூக்குங்கள். பிறகு பின்காலில் நிட் செய்யுங்கள்.

வலப்பக்கம் சாயும் கண்ணி வேண்டுமானால், இடது ஊசியின் நுனியைப் பின்னிருந்து முன்னாக விட்டுத் தூக்குங்கள். பிறகு முன்காலில் நிட் செய்யுங்கள். இது முதலில் சற்று இறுக்கமாக இருக்கும். இறுக்கமாக இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

பர்ல் கண்ணி கூட்டுவதற்கு:

பின்னிருந்து முன்னாகத் தூக்கி, முன்காலில் பர்ல் செய்யுங்கள். முன்னிருந்து பின்னாகத் தூக்கிப் பின்காலில் பர்ல் செய்தாலும் கண் மூடும். ஆனால் அது மணிக்கட்டுக்குச் சிரமம். பர்ல் கண்ணி பள்ளத்தில் ஒளிந்துகொள்வதால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இரு ஓரத்திலும் எளிதான முறையையே பின்பற்றலாம்.

இந்த மூன்றையும் பத்து வரிசை மாதிரித் துண்டில் பழகிவிட்டு, விரலால் இழுத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் முறுக்கிய கண்ணும் முறுக்காத கண்ணும் உடனே வேறுபட்டுத் தெரியும்.

குழந்தை ஸ்வெட்டரின் கை: ஒரு முழு உதாரணம்

மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கு, மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி முழுவதும் ரிப்பிலேயே பின்னும் கை இது. 4 பிளை நூல் வேண்டும். முதல் பகுதிக்கு 12-ஆம் எண் ஊசி (2.75 மி.மீ.), மேற்பகுதிக்கு 10-ஆம் எண் ஊசி (3.25 மி.மீ.). 10-ஆம் எண் ஊசியில் சாதாரணப் பின்னலாக 10 செ.மீ. அகலத்துக்கு 28 கண்ணியும், 10 செ.மீ. உயரத்துக்கு 36 வரிசையும் வரவேண்டும். கூடுதலாக வந்தால் பெரிய ஊசியும், குறைவாக வந்தால் சிறிய ஊசியும் எடுங்கள்.

12-ஆம் எண் ஊசியில் 34 கண்ணி ஏற்றுங்கள். 34 என்பது 4-இன் மடங்கான 32-உடன் 2 சேர்ந்தது. இந்த 2 எதற்கு என்றால், முகப்பு வரிசை 2 நிட்டில் தொடங்கி 2 நிட்டிலேயே முடிவதற்காக. கடைசியில் கையை மூட்டும்போது இரு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி தையலுக்குள் போய்விடும். மீதி நிற்கும் ஒவ்வொரு நிட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து 2 நிட் ஆகும். தையல் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ரிப் சுற்றிலும் ஓடும்.

14 வரிசை ரிப் பின்னி 10-ஆம் எண் ஊசிக்கு மாறுங்கள். ஒற்றைப்படை வரிசைகள் முகப்பு. இரட்டைப்படை வரிசைகள் உட்புறம். மேலும் 2 வரிசை கூட்டாமல் பின்னுங்கள். 17-ஆம் வரிசையில் முதன்முதலாகக் கூட்டுகிறோம்.

17-ஆம் வரிசை: 2 நிட், இடப்பக்கம் சாயும் நிட் ஒன்று கூட்டவும், கடைசி 2 கண்ணி வரையில் ரிப், வலப்பக்கம் சாயும் நிட் ஒன்று கூட்டவும், 2 நிட். இப்போது 36 கண்ணி.

இதன்பின் நாலு வரிசைக்கு ஒரு முறை, அதே இடங்களில், அதாவது ஓரத்து 2 நிட்டுக்கு உட்பக்கமாக, கூட்டிக்கொண்டு போகவும்.

21-ஆம் வரிசை: நிட் கூட்டவும். 38 கண்ணி.
25-ஆம் வரிசை: பர்ல் கூட்டவும். 40 கண்ணி.
29-ஆம் வரிசை: பர்ல் கூட்டவும். 42 கண்ணி.
33-ஆம் வரிசை: நிட் கூட்டவும். 44 கண்ணி.
37-ஆம் வரிசை: நிட் கூட்டவும். 46 கண்ணி.
41-ஆம் வரிசை: பர்ல் கூட்டவும். 48 கண்ணி.
45-ஆம் வரிசை: பர்ல் கூட்டவும். 50 கண்ணி.

பிறகு 54-ஆம் வரிசை வரையில் கூட்டாமல் பின்னினால் கை சுமார் 15 செ.மீ. நீளம் வரும்.

"இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று கூட்டுகிறோமே, ஏன்?" என்று கேட்பீர்கள். ஓரத்து 2 நிட்டுக்கு அடுத்து முதலில் 2 பர்ல் இருந்தது. அந்தப் பர்லுக்கு வெளிப்பக்கம் 2 நிட் வரவேண்டும். ஆகவே முதல் இரண்டு முறை நிட். அந்த நிட்டுக்கும் ஓரத்து நிட்டுக்கும் நடுவே 2 பர்ல் வரவேண்டும்; ஆகவே அடுத்த இரண்டு முறை பர்ல். நாலு முறை கூட்டினதும் ஒரு முழு ரிப் பூர்த்தியாகிறது. எட்டு முறைக்கு இரு ஓரத்திலும் இரண்டிரண்டு ரிப். நடுவில் ஓரத்தில் மூன்று, நாலு நிட் சேர்ந்து நிற்பதைக் கண்டு கலங்க வேண்டாம். 25-ஆம் வரிசை வந்ததும் அவை பிரிந்துவிடும்.

உட்புற வரிசைகளில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கண்ணியின் முகத்தைப் பார்த்துப் பின்னுங்கள். உங்கள் பக்கம் "வி" தெரிந்தால் நிட். புடைப்புத் தெரிந்தால் பர்ல். புதிய கண்ணி எப்படித் தெரிகிறதோ அப்படியே அதைப் பின்னுங்கள்.

ஓரத்திலேயே ஏன் கூட்டக் கூடாது என்று கேட்பவர்களும் உண்டு. ஓரம் படிப்படியாகக் கோணி, மூட்டும்போது வரிசைக்கு வரிசை பொருந்தாது. 2 கண்ணி உள்ளே தள்ளிக் கூட்டினால் ஓரம் நேராக நிற்கும், தைப்பதும் எளிது.

பள்ளத்தில் கூட்டுதல்

மணிக்கட்டு மட்டும் ரிப்பாகவும் மேற்பகுதி சாதாரணப் பின்னலாகவும் இருக்கும் ஸ்வெட்டர்களே அதிகம். அவற்றில் ரிப்பின் கடைசி வரிசையில் பரவலாகக் கூட்ட வேண்டியிருக்கும். அப்போது மேட்டில் கூட்டாதீர்கள், பள்ளத்தில் கூட்டுங்கள். மேட்டில் கூட்டின கண்ணி எல்லாருக்கும் தெரியும். பள்ளத்தில் கூட்டினதை மடிப்பே மறைத்துக்கொள்ளும்.

மேலே சொன்ன 34 கண்ணியில் எட்டுப் பள்ளங்கள் உள்ளன. முதல் பள்ளத்தையும் கடைசிப் பள்ளத்தையும் விட்டுவிட்டு, மீதி ஆறிலும் இரண்டு பர்லுக்கு நடுவே ஒவ்வொன்று கூட்டினால் 40 கண்ணி. ஆனால் 14-ஆம் வரிசை உட்புற வரிசை என்பதை மறக்கக் கூடாது. உட்புறமிருந்து பார்க்கும்போது முகப்பின் பள்ளம் நமக்கு மேடாக, நிட்டாகத் தெரியும். ஆகவே அந்த இரண்டு நிட்டுக்கு நடுவே இடைநூலைத் தூக்கி, முறுக்கி நிட் செய்ய வேண்டும். முகப்பில் அது பர்லாக விழும்.

ரிப்பையே அகலமாக்குவதற்கும் இதே வழி. 2 நிட், 1 பர்ல் என்று 32 கண்ணியில் பின்னிவரும் துணியில் பத்துப் பள்ளங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பர்ல் கூட்டினால் 42 கண்ணியாகி, 2 நிட், 2 பர்ல் ஆகிவிடும். மேடுகள் ஒன்றுகூட அசையாது.

ஒரே கண்ணியில் இரண்டு

நம்மில் பலர் தையல் வகுப்பில் கற்றது, ஒரே கண்ணியின் முன்காலில் ஒரு தரமும் பின்காலில் ஒரு தரமும் நிட் செய்து இரண்டாக்குவது. இதில் ஓட்டையே விழாது. ஆனால் புதிய கண்ணியின் அடியில், இடப்பக்கமாக, ஒரு சிறு குறுக்குக்கட்டை விழும். சாதாரணப் பின்னலில் அது ஒரு தழும்புபோல் தெரியும்.

ரிப்பில் அந்தக் கட்டையையே நமக்கு வேலை செய்ய வைக்கலாம். அது பர்லின் புடைப்பைப் போலவே இருப்பதால், பர்ல் வரவேண்டிய இடத்தில் விழுந்தால் ஒருவருக்கும் தெரியாது. மேலே சொன்ன கையில் 25, 41-ஆம் வரிசைகளில் இதைச் செய்யலாம். தொடக்கத்தில் ஓரத்து இரண்டாவது நிட்டை இரண்டாக்குங்கள். முடிவில் கடைசியிலிருந்து மூன்றாவது கண்ணியை இரண்டாக்குங்கள். கட்டை இரு பக்கமும் புதிய பர்லின் இடத்திலேயே விழும். நிட் கூட்டும் வரிசைகளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

இன்னொரு முறை, கீழ் வரிசைக் கண்ணியின் தோளில் ஊசியை விட்டு அதிலிருந்தே புதிய கண்ணி எடுப்பது. மிகவும் மறைவானது. ஆனால் கீழிருந்து நூலை இழுப்பதால், இரண்டு வரிசைக்கு ஒரு முறை கூட்டினால் துணி சுருக்கிப் பிடிக்கும். நாலு வரிசைக்கு ஒரு முறையென்றால் குறையில்லை.

தவறிவிட்டால்

முறுக்க மறந்து சில வரிசை போய்விட்டால் முழுவதையும் பிரிக்க வேண்டாம். அந்தக் கண்ணியின் நேர்மேலே வரும்வரை பின்னி, அந்த ஒரு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். அது ஏணிப்படிபோல் இறங்கி இடைநூலில் வந்து நிற்கும். இடைநூலைக் குரோஷா ஊசியால் ஒரு முறுக்கு முறுக்கி, ஒவ்வொரு படியாக மேலே ஏற்றுங்கள். நிட் வரியானால் முகப்பிலிருந்தும், பர்ல் வரியானால் உட்புறத்திலிருந்தும் ஏற்றுங்கள். ஸ்வெட்டர் மூட்டித் தைத்தபின் கண்ணைக் கண்டால், அதே நிற நூலால் உட்புறத்திலிருந்து கண்ணைச் சுற்றித் தைத்து இறுக்கி, நுனியை மறைத்துவிடுங்கள்.

கூட்டின வரிசைகளை மறக்காதிருக்க, ஒவ்வொரு முறையும் வேறு நிற நூல் துண்டு ஒன்றை அந்த இடத்தில் கோத்து வையுங்கள். இரண்டாவது கையைப் பின்னும்போது முதல் கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் அது உதவும். முடித்ததும் அந்தத் துண்டுகளை எடுத்துவிட வேண்டும்.

கொடுப்பதற்கு முன்

ஸ்வெட்டரை உட்புறம் திருப்புங்கள். கையைக் கைக்குள் விட்டு விரல்களை விரித்து, ஒளிக்கு நேரே பிடியுங்கள். கூட்டின பதினாறு இடங்களிலும் பென்சில் முனையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். முனை உள்ளே போனால் குழந்தையின் விரலும் போகும்.

தொங்கும் நூல் நுனி எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு நுனியையும் சில கண்ணிகள் வழியாக ஒரு பக்கமும், பிறகு திரும்ப மறு பக்கமும் கோத்த பின்னரே வெட்டுங்கள். நம் தலைமுடி பின்னலுக்குள் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்; பார்வை மங்கியவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். செயற்கை நூலில் பின்னியிருந்தால் சூடான இஸ்திரிப் பெட்டியை ரிப்பின்மேல் வைக்க வேண்டாம். ஒரு முறை சூடு பட்டுத் தட்டையான ரிப் மறுபடியும் சுருங்காது. ஆட்டுக் கம்பளியில் பின்னியிருந்தால் வெந்நீரில் கசக்கக் கூடாது, சுருங்கித் தடித்துவிடும்.

வாங்கும் தாய்க்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். குழந்தை காரணமில்லாமல் நெடுநேரம் அழுதால், கை விரலையும் கால் விரலையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எதுவாவது சுற்றி இறுகியிருந்து எடுக்க முடியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்தப் பழைய ஸ்வெட்டரின் கையை நாங்கள் எறிந்துவிடவில்லை. வெட்டின நூல் அப்படியே தொங்க, எங்கள் தையல் பெட்டியின் மேல்தட்டில் இருக்கிறது. புதிதாகப் பின்ன வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் அதைத்தான் கையில் கொடுக்கிறோம். அவர்கள் விரலை அந்தக் கண்ணில் விட்டுப் பார்க்கிறார்கள். அதன்பின் முறுக்கை ஒருவரும் மறப்பதில்லை.